நாகவள்ளிக்குப் பசித்த இடம்

ஜுபைல்
13 ஜனவரி 2025

தாரிணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தியாகு நேற்று போன் செய்தான். கூடப் படித்தவன், துபாயில் நமக்கு இருக்கிற ஒரே சொந்தம் மாதிரி. அவன் இழுத்து இழுத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முரளி, தப்பா எடுத்துக்கிடாதடே. ஒம் மவள சத்வா பக்கம் ஒரு பப்புல பாத்தேன். ஒரு நா இல்ல, ஞாயித்துக்கெழமை தோறும் வாரா. தனியா ஒக்காந்து திங்கா." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் அம்மா போய் ஒரு வருஷம் ஆகவில்லை. முதல் திதி கூட முடியவில்லை. பாளையங்கோட்டையில் நம் வீட்டில் வெங்காயம் நறுக்குகிற கத்தியைக் கூட அடுத்தவர் கையில் கொடுக்க யோசிப்போம். அந்த வீட்டுப் பெண் சாராயக் கடையில் உட்கார்ந்து, மாட்டை அறுத்துப் போடுகிற தட்டுக்கு எதிரில் சாப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறது தாயே!

மே மாதம் எனக்கு ரிட்டயர்மெண்ட். ஃபைனல் எக்ஸிட் அடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன். நீயும் வேலையை விட்டுவிட்டு வா. போனில் கூப்பிடாதே. பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், காம்ப்பில் பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மெயிலில் எழுது.

அப்பா


துபாய்
15 ஜனவரி 2025

அப்பா,

பொங்கல் வாழ்த்துகள். குக்கரில் பொங்கல் வைத்தேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

முதலில் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அங்கே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால், தியாகு மாமா ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே இருக்க வேண்டும் அல்லவா? அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டீர்களா?

சரி, கோபப்படாதீர்கள். நான் குடிப்பது இஞ்சி போட்ட சோடா. அந்த இடம் ஒரு பழைய ஹோட்டலின் கீழ்த்தளம். வாசல் போர்டில் சாம்பல் நிறத்தில் ஒரு குதிரை படம் இருக்கும். உள்ளே எல்லாம் கறுத்த மரம், தாழ்ந்த கூரை. மற்ற நாள் எப்படியோ, ஞாயிறு மத்தியானம் அது சாப்பாட்டுக் கடைதான். வெள்ளைக்கார டீச்சர்கள், நர்சுகள், பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் எல்லாரும் வாரத்தில் ஒரு நாள் வீட்டுச் சாப்பாடு என்று வந்து உட்காருவார்கள். அடுப்பில் முழுசாகச் சுட்ட இறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, காரட், காலிஃப்ளவர், மேலே ஊற்ற குழம்பு. இறைச்சியையும் குழம்பையும் விட்டுவிட்டு மற்றதைக் கேட்டாலும் கொடுப்பார்கள். ரோஸ்ட் என்று பெயர். அவர்களுக்கு அது நம் அவியல், சாம்பார் மாதிரி.

என்னை அங்கே முதலில் கூட்டிப் போனது யார் தெரியுமா? அம்மா.

போன பிப்ரவரியில் அம்மா இங்கே என்னோடு தங்கியிருந்தபோது கான்சருக்கு மருந்து ஏற்றியது ஞாயிற்றுக்கிழமைகளில். வேலையை விட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் நீங்கள் ஜுபைலில் இருந்தீர்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து காருக்கு நடக்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் திறந்திருந்த ஒரே கதவு அதுதான். உள்ளே போனதும் எனக்குப் பதறியது, "அம்மா, இது பப்" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியும்ட்டி. ஒக்கார எடம் இருக்குல்லா?" என்றாள். ஜன்னலோரம் ஒரு மேசையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருத்தரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை.

கஞ்சி, ரசம், இளநீர் எதைக் கொடுத்தாலும் ஓங்கரித்துக்கொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். பக்கத்து மேசைக்கு உருளைக்கிழங்கு போய்க்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி மெல்லச் சொன்னாள்: "தாரு, எனக்குப் பசிக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது அப்பா! அதற்குப் பிறகு மருந்து ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஞாயிறு அங்கேதான். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். "பப்புன்னு தெரிஞ்சா ஒங்க அப்பா சவூதிலேருந்து நடந்தே வந்துருவார்" என்று சிரித்தாள்.

தாரிணி


ஜுபைல்
2 பிப்ரவரி 2025

தாரிணி,

உன் தப்பை மறைக்க, செத்துப்போனவள் மேல் ஏன் பழியைப் போடுகிறாய்?

நாகவள்ளி முட்டை போட்ட கேக்கைக் கையால் தொடாதவள். கல்யாண வீட்டில் தண்ணீர் யார் எடுத்து வைத்தது என்று பார்க்கிறவள். அவள் பப்புக்குள் போய் உட்கார்ந்தாள் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. சிரிக்கவும் முடியவில்லை.

நான் கடைசியில் லீவில் வந்தபோது ஒரு கரண்டி கஞ்சி உள்ளே இறங்கவில்லை. நீ பார்த்தாய்தானே? அதற்கு முன்னால் மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி. சைட்டுக்கு வெளியே வந்து கூப்பிட்டால் "இன்னைக்கு வயிறாரச் சாப்ட்டேன், நீங்க கவலப்படாதீங்க" என்பாள். ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு. பொய் என்று எனக்குத் தெரியும். என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நானும் நம்பியது போல "சரி சரி" என்பேன். வைத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்ச் சோறு தின்பேன்.

அவள் அங்கே பட்டினி கிடந்தாள், நான் இங்கே மூன்று வேளையும் தின்றேன். இதுதான் என்னை அரிக்கிறது. இப்போதும் தட்டைக் கையில் எடுத்தால் அந்த நினைப்பு வந்துவிடுகிறது. பாதியில் எழுந்துவிடுகிறேன். ரூம்மேட் கௌஸ் முகைதீன் தினமும் திட்டுகிறார்.

உன் சமாதானத்துக்காக என்னிடம் கதை கட்டாதே. அவளைப் பற்றி மட்டும் கட்டாதே.

அப்பா


துபாய்
5 பிப்ரவரி 2025

அப்பா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் படித்தேன். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். நீங்கள் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சத்தியமாவது மண்ணாவது, அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

போட்டோ இல்லை. தலையில் முடியில்லாமல் படம் எடுத்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருந்தாள். அதனால் நடந்ததை எழுதுகிறேன். இது அம்மாவா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இறைச்சி வேண்டாம், குழம்பு வேண்டாம் என்று என்னை இரண்டு தடவை சொல்ல வைப்பாள். தட்டில் நம் ஆப்பம் மாதிரி உப்பின ஒன்று வரும். முதல் நாள் அதில் முட்டை உண்டா என்று கேட்கச் சொன்னாள். உண்டு என்றார்கள். கரண்டியால் தள்ளி என் தட்டில் போட்டாள். உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை, கிழங்குதானே என்று விட்டுவிட்டாள். மேலே மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே பஞ்சு. முதல் நாள் நாலு துண்டு. மறுபடி தலை சுற்றினால் கொடுக்கக் கைப்பையில் ஒரு மிட்டாய்கூட இல்லாமல் வந்துவிட்டோமே என்று பயந்துகொண்டிருந்தவள் நான், அவள் பாட்டுக்குச் சாப்பிடுகிறாள்!

மூன்றாவது வாரமோ என்னமோ, கைப்பையைத் திறந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். உள்ளே என்ன தெரியுமா? அவள் இடிக்கிற எள்ளு மிளகாய்ப்பொடி. கிழங்கின் மேல் தூவினாள். நான் மேசைக்குக் கீழே ஒளியப் பார்த்தேன். "இவங்க எல்லாம் நல்லாத்தான் பண்ணுதாங்க. உப்பு உறைப்புதான் பத்தல" என்று என்னிடம் குறை சொன்னாள். பரிமாற வந்த பெண் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வர ஓடினாள். அம்மா சிரித்தாள். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்துவிட்டு அங்கே உட்கார்ந்தபடியேதான் உங்கள் போனை எடுப்பாள். பின்னால் கலகலவென்று சத்தம் கேட்கிறதே என்று ஒரு தடவை கேட்டீர்கள். டிவி என்றாள். அது ஒன்றுதான் அவள் சொன்ன பொய்.

ஏப்ரல் முடிகிற வரைக்கும் போனோம். பிறகுதான் அவளால் முடியவில்லை. நீங்கள் வந்து பார்த்தது கடைசி நாட்களை.

நான் ஏன் இப்போதும் போகிறேன் என்றால், அவள் சாப்பிட்டதை நான் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

ஒழுங்காகச் சாப்பிடுங்கள் அப்பா.

தாரிணி


ஜுபைல்
9 மார்ச் 2025

அன்புள்ள தாரிணி,

பொடி டப்பாவைப் படித்ததும் நம்பிவிட்டேன். வேறு எவளும் இங்கிலாந்துக்காரன் சாப்பாட்டில் எள்ளுப்பொடி தூவ மாட்டாள். அன்றைக்கு மெஸ்ஸில் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். முகைதீன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சந்தோஷம் ஒரு மாதம் நிலைத்தது. நானே கெடுத்துக்கொண்டேன்.

எங்கள் பிளாண்ட்டில் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரு வெள்ளைக்காரர். வாய் சும்மா இருக்குமா எனக்கு? உங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாமே, என் மனைவிக்கு அந்த உருளைக்கிழங்கு ரொம்பப் பிடிக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். மனிதர் குளிர்ந்துவிட்டார். அந்த மொறுமொறுப்பின் ரகசியம் தெரியுமா என்று கேட்டார். மாட்டுக் கொழுப்பு. அதை உருக்கி, அடுப்பில் சூடாக்கி, அதில்தான் கிழங்கைப் போட வேண்டுமாம். அவர் அம்மா அப்படித்தான் செய்வாராம்.

அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

இது உனக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். அவளுக்கு அப்படி இல்லை. பிள்ளை உண்டாகியிருந்தபோது டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னதற்கு டாக்டரை மாற்றினவள் அவள். அவள் தெரியாமல் சாப்பிட்டிருந்தால், நல்ல மனசோடு அவளைத் தெரியாமல் சாப்பிட வைத்திருந்தால், நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

நோன்புக் காலம். பொழுது சாய்ந்ததும் நோன்பு திறக்க உட்கார்ந்த முகைதீன் என் மூஞ்சியைப் பார்த்து, என்ன என்றார். சொன்னேன். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "முரளி பாய், அங்க பசிச்ச வயித்துக்குச் சோறு போட்டவன் ஒருத்தன் இருக்கான்ல? அவன்கிட்டயே கேளுங்க. இங்க இருந்துக்கிட்டு நீங்களா ஏன் அழுவுறீங்க?"

அதனால் கேட்டு எழுது. எனக்கு நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று ஜோடிக்காதே. உள்ளது உள்ளபடி வேண்டும்.

அப்பா


துபாய்
18 மார்ச் 2025

அப்பா,

கேட்டேன். ஜோடிக்கவில்லை. உட்கார்ந்து படியுங்கள்.

அங்கே அடுப்படியில் இருப்பவர் பிரதீஸ் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர். என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். அம்மாவோடு தமிழில் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், ஊர்க்கதை என்று நினைத்தேன். நீங்கள் கேட்டதைக் கேட்டதும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வாயாலேயே எழுதுகிறேன்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுறன். முதல் ஞாயிறு அம்மா சாப்பிட்டது மாட்டுக் கொழுப்பில செய்த கிழங்குதான். இறைச்சி வேண்டாம் எண்டு சொன்னவை, சரி, வருத்தக்கார மனிசி, நோயில இறைச்சி செமிக்காதாக்கும் எண்டு நினைச்சன். அடுத்த கிழமை, 'அவ சைவம், குழம்பு ஒரு சொட்டும் படக்கூடாது' எண்டு சொல்லி அனுப்பினீங்கள். அப்பதான் எனக்கு விளங்கினது. நீங்கள் ஃபார்மசிக்குப் போன நேரம் நானே வெளிய வந்து அம்மாட்டச் சொன்னன், 'அம்மா, போன கிழமை இப்பிடி நடந்து போச்சு.'

"அவ கரண்டியைக் கீழ வைச்சா. கண் கலங்கினது. மனேஜரைக் கூப்பிடப் போறா, என்ர வேலை போச்சு எண்டு நான் நிக்கிறன். மெனுவில அதை எழுதி வைக்காதது எங்கட பிழைதானே? அவ கேட்டா, 'தம்பி, எண்ணெயில செஞ்சு தர முடியுமா?' 'முடியும் அம்மா' எண்டன். 'இது எம் மகளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என்ன இங்க கூட்டிட்டு வரமாட்டா' எண்டா. பிறகு சொன்னா, 'நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னீங்க பாருங்க. போன வாரம் சாப்ட்டது வயித்துல நின்னுது தம்பி. நாலு நா நடமாடினேன். அத சாமி பாத்துக்கிடட்டும். ஒங்க கைக்கு நான் நன்றி சொல்லுதேன்.'

"அண்டையிலயிருந்து அவவுக்கெண்டு தனித் தட்டு, சூரியகாந்தி எண்ணெய். பெரிய செஃப் ஒரு ஆளுக்காக ஒரு தட்டோ எண்டு கத்துவார். கத்தட்டும் எண்டு விட்டுட்டன். உங்களுக்கும் அதிலதான். இப்பவும் அதிலதான். எனக்கு நன்றி சொல்லாதேங்கோ தங்கச்சி. அவ வாய் திறந்திருந்தா எனக்கு இண்டைக்கு இந்த அடுப்பே இல்லை."

இவ்வளவுதான் அப்பா. ஒரு தடவை தெரியாமல் சாப்பிட்டாள். தெரிந்தபின் மாற்றிக்கொண்டாள், ஒருத்தரையும் நோகடிக்காமல். அவள் போன பிறகு நான் முதல் தடவை தனியாகப் போய் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தபோது, உள்ளேயிருந்து அந்தத் தட்டு தானாக வந்தது. ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள். அவர் மேல் வேண்டாம்.

தாரிணி


ஜுபைல்
30 ஏப்ரல் 2025

ஏட்டி தாரிணி,

பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று பிடிபடவில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அந்த நாலு நாள் நடமாடினபோதுதான் எனக்கு வீடியோவில் கூப்பிட்டு பால்கனித் துளசியைக் காட்டினாள். தண்ணீர் நானே ஊற்றினேன் என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை எந்தக் கொழுப்பு கொடுத்தது என்று இப்போது கணக்குப் பார்த்து என்ன ஆகப் போகிறது? எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளே சாமியிடம் விட்டுவிட்டாள். அவளுக்கு மேல் நான் பெரிய சைவனா?

நீ வேலையை விட வேண்டாம். அந்தப் பேச்சு கலாஸ், முடிந்தது.

டிக்கெட்டை துபாய் வழியாக மாற்றிவிட்டேன். மே 18, ஞாயிறு. காலையில் இறங்குகிறேன், ராத்திரி திருவனந்தபுரம் ஃபிளைட். மத்தியானத்துக்கு அந்த மேசையைச் சொல்லி வை. பேண்ட் சட்டை போதுமா, கோட்டு வேண்டுமா?

அப்பா


துபாய்
27 மே 2025

அப்பா,

வீடு வந்து சேர்ந்து பெட்டிகளைப் பிரித்துவிட்டீர்களா? கோட்டு வேண்டாம் என்று அத்தனை தடவை சொல்லியும் போட்டுக்கொண்டு வந்தீர்கள் பாருங்கள், பரிமாறுகிற பெண் உங்களைப் புது மேனேஜர் என்று நினைத்துவிட்டாளாம்.

வாசல் தாண்டும்போது நெற்றியில் இருந்த விபூதியை அழித்துவிடுவீர்களோ என்று பார்த்தேன். அழிக்கவில்லை. தியாகு மாமா உங்களைக் கண்டதும் கிளாசை மெனு கார்டுக்குப் பின்னால் தள்ளினாரே, நீங்கள் போய் முதுகில் தட்டி "நல்லாக் குடி, நல்லா இரு. நீ போட்டுக் குடுக்கலன்னா எனக்கு ஒண்ணும் தெரியாமப் போயிருக்கும்டே" என்றீர்களே! அவர் இன்னும் அதிர்ச்சியில் இருக்கிறார். இந்த வாரம் ஆளையே காணோம்.

அடுப்படி வாசலில் பிரதீஸ் அண்ணாவோடு வெகுநேரம் நின்றீர்கள். நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னீர்கள், அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். என்ன சொன்னீர்கள் என்று அவரைக் கேட்டால் "அது எனக்குச் சொன்னது தங்கச்சி" என்கிறார். போகட்டும். நீங்கள் திரும்பி வந்து தட்டைக் காலி செய்ததை நான் பார்த்தேன். எனக்கு அது போதும்.

திதிக்கு வர முடியாது போலிருக்கிறது. விசா புதுப்பிக்க பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறேன், அதற்குள் கையில் வராதாம். மனசு கேட்கவில்லை. நடந்ததை எழுதுங்கள்.

உங்கள் தாரு


பாளையங்கோட்டை
14 ஜூன் 2025

அன்பு மகள் தாருவுக்கு,

திதி நல்லபடியாக நடந்தது. நீ இல்லாத குறைதான். நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், உன் பெரிய அத்தைதான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தாள்.

போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் படைப்போம் அல்லவா? சமையலுக்கு வந்தவர் என்னென்ன செய்யட்டும் என்று கேட்டார். அத்தை அவியல், புளிக்குழம்பு, பால் பாயசம் என்று அடுக்கினாள். எனக்கு வேறு கணக்கு இருந்தது. முந்தின நாளே பிரதீசை போனில் கூப்பிட்டுப் பக்குவம் கேட்டுவைத்திருந்தேன். கிழங்கை முக்கால் வேக்காட்டில் எடுத்து, வடித்த பாத்திரத்திலேயே குலுக்கி, ஓரமெல்லாம் பிசிறு தட்டியபின் காய்கிற எண்ணெயில் போட்டு அடுப்புக்குள் தள்ள வேண்டுமாம். எதிர்வீட்டில் கேக் சுடுகிற மின்சார ஓவனை இரவல் வாங்கினேன். முதல் தட்டு கருகிவிட்டது. இரண்டாம் தட்டு பரவாயில்லை. சமையல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இலையில் எல்லாம் பரிமாறி முடித்த பிறகு, நான் அந்தத் தட்டைக் கொண்டுபோய் நாலு துண்டு எடுத்து வைத்தேன். கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தை கேட்டாள்: "இது என்னடே முரளி, புதுசா? நாகவள்ளிக்கு அவியல்லா உசுரு?"

முன்னே என்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அன்றைக்கு மழுப்பத் தோன்றவில்லை. எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன்: "துபாய்ல ஒரு பப்புல, ஞாயித்துக்கெழமை தோறும் போயி, இதத்தான் ஆசையாச் சாப்ட்டுருக்கா அக்கா."

உன் சின்னத் தாத்தா தொண்டையைச் செருமினார். அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு நாகவள்ளியின் படத்தைப் பார்த்தாள். நான் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"வயிறு நெறஞ்சுதாடே அவளுக்கு?" என்று கேட்டாள்.

"நெறஞ்சுது அக்கா."

"அப்பம் என்ன பாத்துக்கிட்டு நிக்க? இன்னும் ரெண்டு வை."

வைத்தேன்.

அப்பா